உதிர்ந்த பிட்டும் உடைந்த கரையும்

மதுரைக்காரர்களிடம் வெள்ளம் என்று சொல்லிப் பாருங்கள், வந்திக் கிழவி வந்து உட்கார்ந்துகொள்வாள். ஆவணி மூலத்துக்கு வருஷா வருஷம் புட்டுத்தோப்பில் அந்தக் கதை நடித்துக் காட்டப்படுகிறது. சாமி மண் சுமக்கிறார், அடி வாங்குகிறார், சனம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது 61ஆவது படலம். தமிழ் எம்.ஏ. படிக்கிற பிள்ளைகளுக்கு இதை பக்திச் சுவைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தப் பிரதியை ஒரு கூலி ஆவணமாகப் படித்தால் என்ன?

கதை தெரிந்ததுதான். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவு பண்ணிய வாதவூரரை அரிமர்த்தன பாண்டியன் வைகைச் சுடுமணலில் நிறுத்துகிறான். சிவன் வைகையில் வெள்ளத்தைப் பெருக்குகிறார். அதாவது ஒரு மந்திரிக்கும் ராஜாவுக்கும் நடந்த கணக்கு வழக்கில் ஊருக்குள் தண்ணீர் வருகிறது. அந்த வழக்கில் சம்பந்தமே இல்லாத ஊர்ச்சனத்துக்குக் கரையை அளந்து பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு. பிட்டு விற்றுப் பிழைக்கிற, பிள்ளையில்லாத வந்திக்கும் ஒரு பங்கு. ஆள் பிடிக்கக் காசில்லாமல் அவள் தவிக்கும்போதுதான் கூடையும் மண்வெட்டியுமாக, கூலிக்கு ஆள் வேணுமா என்று கூவிக்கொண்டு ஒருவன் வருகிறான். கூலி பிட்டு. சனங்கள் வாயில் வழங்கும் கதையில் அது உதிர்ந்த பிட்டு. விற்க முடியாததுதான் கூலி என்பதைச் சனங்கள் கவனமாகச் சேர்த்திருக்கிறார்கள். பழைய கஞ்சியையும் பதரோடு அளந்த நெல்லையும் கூலியாக வாங்கின வாய்கள்தான் அதைச் சேர்த்திருக்க முடியும் என்பது என் ஊகம்.

வந்தவன் தின்கிறான், ஆடுகிறான், பாடுகிறான், படுத்துத் தூங்குகிறான். ராஜா பொற்பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி ராஜா முதுகிலும் விழுகிறது, எல்லா உயிர்மேலும் விழுகிறது. ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு ஆள் மறைகிறான், கரை அடைபடுகிறது.

என் சண்டை இந்த இடத்தோடுதான். ஒரு கூலியாள் வேலை நேரத்தில் தூங்கினால் அது லீலை. நம்ம ஆள் வரப்பில் பத்து நிமிஷம் சாய்ந்தால் சோம்பேறிப் பய. அவன் முதுகில் விழுந்த அடி அண்டம் முழுக்க வலித்தது. நம்ம முதுகில் விழுந்தது பக்கத்துத் தெருவுக்குக்கூட வலிக்கவில்லை. மற்றவர் பங்கையெல்லாம் நாள் முழுக்க மண் சுமந்து அடைத்தவர்கள் படலத்தில் கும்பலாகத்தான் வருகிறார்கள். ஒருவருக்கும் பேர் இல்லை. கடைசி ஒரு கூடைக்கு மட்டும் பேர், புகழ், திருவிழா. உழைப்பைச் சாமி கையில் கொடுத்துவிட்டால் உழைத்தவனைக் கதையிலிருந்து கழித்துவிடலாம். இந்தக் கதையாடலின் சூட்சுமம் இதுதான்.

இதைவிடக் கசப்பான ஒன்று உண்டு. கூலியாளாக வந்த அந்தச் சாமியின் கோயிலுக்குள் நிஜக் கூலியாட்கள் காலெடுத்து வைத்தது 1939 ஜூலை 8ஆம் தேதி. வைத்தியநாதய்யரோடு உள்ளே போனவர்களில் மேலூர் தும்பைப்பட்டி கக்கன் ஒருவர். அதே கக்கன் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த காலத்தில்தான் 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது. வைகையை அடக்கிய கதையில் இந்தப் பேரையும் சொல்ல வேண்டாமா? எந்தத் தோப்பிலும் இதை யாரும் நடித்துக் காட்டவில்லை.

புராணத்துக்கு முந்தைய பரிபாடலைப் பார்த்தால் அங்கே வையை வெள்ளம் ஒரு கொண்டாட்டம். புதுப்புனல் வருகிறது, சந்தனமும் பூவுமாக நகரம் நீராடப் போகிறது. அழகான பாட்டுகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளத்தை அழகு பார்க்க மேட்டில் வீடு வேண்டும்.

ராஜா காலம் போய் வெள்ளைக்காரன் காலம் வந்தது. 1858இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் போட்டார்கள், கட்டாய உழைப்புச் சட்டம் என்று. ஏரிக்கரையோ ஆற்றுக்கரையோ உடையும் ஆபத்து வந்தால் சுற்றுவட்ட ஊர்களிலிருந்து ஆட்களைக் கட்டாயமாக வேலைக்குக் கூப்பிடலாம். யாரை? உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல் வலுவுள்ள ஆண்களை. பாண்டியன் வீட்டுக்கு ஒரு பங்கு என்றாவது அளந்தான். கும்பினிச் சட்டம் அந்தப் பாசாங்கையும் விட்டுவிட்டது. கரை உடைந்தால் மூழ்குவது மிராசுதாரின் நெல், கூடை தூக்குவது உழைக்கும் வகுப்பு. அந்தச் சட்டம் கூலி கொடுக்கச் சொன்னது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காகிதத்தில் இருந்த கூலி கைக்கு வந்ததா என்பதை நம்ம தாத்தாமார்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

கண்மாய் வேலை எப்படி நடக்கும் என்று நகரத்து வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மதுரையைச் சுற்றின சமவெளியில் கண்மாய்கள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாகத் தொடுத்துக் கிடக்கின்றன. மேல்கண்மாய் பெருகினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கலுங்கின் மேல் குத்துக்கற்கள் நிற்கும். அந்தக் கற்களுக்கு இடையில் மண்ணும் புல்கட்டியும் வைத்து அடைத்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், ஆயக்கட்டுக்காரருக்குக் கடைசித் தண்ணீர் உறுதி. கரைமேல் பாரம் ஏறும், அது வேறு விஷயம். அடைமழை ராத்திரியில் அந்த அடைப்பைப் பிரித்துவிடுவதா வேண்டாமா, எந்தப் பக்கம் வெட்டிவிடுவது, மறுகால் ஓடை தூர்ந்து கிடந்தால் யார் காட்டுக்குள் தண்ணீரைத் திருப்புவது? வெள்ளத்தின் அரசியல் முழுக்க இந்த மூணு கேள்விக்குள்தான் இருக்கிறது. முடிவெடுப்பது அம்பலம், பெரிய புஞ்சைக்காரர், கூட நாலு பேர். கழுத்தளவுத் தண்ணீரில் மடைக்குள் இறங்குவது நீர்பாய்ச்சி. எத்தனையோ ஊர்களில் அவர் நம்மவர். தண்ணீர் போய் நிற்பது கரைக்குக் கீழே, மறுகால் ஓடையை ஒட்டி, மேட்டில் மனை கிடைக்காமல் பள்ளத்தில் குடிசை போட்ட தெரு.

எங்கள் தெருவில் மழைக்காலத்து ராத்திரிகளில் "கம்மா ஒடையப் போகுதுடா, மம்பட்டிய எடுத்துக்கிட்டு ஓடியா" என்று குரல் வரும். அப்பாவும் சித்தப்பாவும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அம்மா அடுப்பையும் பானையையும் திண்ணைக்கு ஏற்றுவாள். விடிந்து கூலி கேட்டால் "ஊர்ப் பொதுவேலைக்குக் கூலியா?" என்பார்கள். மீன் ஏலத்திலும் கருவேல மர ஏலத்திலும் வரும் காசுக்கு அந்தப் 'பொது'வில் நமக்குப் பங்கு கேட்டுப் பாருங்கள், தெரியும்.

இப்போது கண்மாய்களைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். முன்னோர் அறிவு, கூட்டு வாழ்வு, பொற்காலம் என்று எழுத்து பெருகுகிறது. மேடையில் பேசுகிற சிலர் ஒருபடி மேலே போய், மடை திறந்தவனைக் குறித்த பெருமைச் சொல்தான் 'மடையன்' என்கிறார்கள். மடம் என்றால் அறியாமை, வசை அதிலிருந்து வந்தது. சமையல்காரருக்கும் மடையர் என்று பழைய பேர் உண்டு. பெருமையைச் சொல்லில் கொடுத்தால் போதும், நிலத்தில் கொடுக்க வேண்டாம் என்கிற தாராள மனசு இது. டேவிட் மோஸ் என்ற மானிடவியல் ஆய்வாளர் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை வைத்து 2003இல் 'தி ரூல் ஆஃப் வாட்டர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். கண்மாய் என்பது தண்ணீர்த் தொட்டி மட்டும் இல்லை, அதிகாரமும் மரியாதையும் சாதியும் அதில் தேங்கி நிற்கின்றன என்று காட்டினார். நம்ம தெருவுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனாலும் பொற்காலம் பாடுகிறவர்கள் ஒருதரம் படிக்கலாம்.

அந்தப் பாட்டின் அரசு வடிவம்தான் 2017இல் தூசி தட்டி எடுத்த குடிமராமத்து. பத்தில் ஒரு பங்கு செலவு விவசாயிகளுடையது, வேலை அவர்கள் சங்கத்துடையது என்றார்கள். சங்கத்தில் யார்? பாசன மேலாண்மைக்கென்று 2000இல் போட்ட சட்டப்படி ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர். 'குடி' என்ற சொல்லுக்குப் பட்டாதாரர் என்று பொருள் வந்துவிட்டது. பாசனத் தண்ணீரில் பங்கில்லாதவன் வெள்ளத் தண்ணீரில் முதல் பங்குதாரன், அவனுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி இல்லை. தூர் வாரின மண் யார் வயலுக்குப் போனது, மறுகால் ஓடை வாரப்பட்டதா, கரை மட்டும் வாரப்பட்டதா என்று அவன் கேட்டால், "உனக்கு இதுல என்னப்பா சோலி?"

நகரம் மட்டும் யோக்கியமா? தல்லாகுளம், பீபிகுளம் என்று பேரில்தான் குளம் இருக்கிறது. 2004இல் வந்த உயர் நீதிமன்றக் கிளை இருக்கிற இடத்தின் பேர் உலகனேரி. கிருதுமால் நதி சாக்கடையாகிப் பல காலம். தண்ணீருக்குப் பட்டா தெரியாது, பழைய தடம் தெரியும். 2024 அக்டோபர் 25ஆம் தேதி கொட்டின மழையில் செல்லூர்த் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாயிலிருந்து தண்ணீர் வைகைக்குப் போகும் வழி போதவில்லை என்று அதற்கப்புறம்தான் எல்லோரும் பேசினார்கள். ஆக்கிரமிப்பு என்று எழுதும்போது பத்திரிகைக்குக் கண்ணில் படுவது வாய்க்கால் கரைக் குடிசை. அரசுக் கட்டடம் கண்ணில் படுவதில்லை. அதற்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது அல்லவா.

வந்தி கதையின் முடிவை மறுபடி படித்துப் பார்த்தேன். அவளுக்கு விமானம் வருகிறது, சிவலோகம் போகிறாள். வாதவூரருக்கு விடுதலை. பாண்டியனுக்கு ஞானம். கரையில் மண் சுமந்த மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது, அன்று இரவு அவர்கள் எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போனார்கள், அங்கே தண்ணீர் வடிந்திருந்ததா என்பதற்குப் பரஞ்சோதியார் 3363 விருத்தத்தில் ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை.