லூபஸ் மருந்துகள்: எந்த அளவுகோலால் அளப்பது?

2011 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பெலிமுமாபுக்கு ஒப்புதல் அளித்தபோது, லூபஸ் நோயாளிகள் ஒரு புதிய மருந்துக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்துவிட்டார்கள். அதற்கு முன் இந்நோய்க்குக் கடைசியாக ஒப்புதல் பெற்றவை ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் ஸ்டீராய்டும். அது நடந்தது 1955இல். பிறகு வேகம் கூடியது. 2021இல் வோக்ளோஸ்போரினும் அனிஃப்ரோலுமாபும் வந்தன, 2025இல் ஒபினுடுசுமாப் வந்தது. இந்த வரவுகள் நோயாளிக்கு உண்மையில் எவ்வளவு நன்மை தந்தன என்பதை நிதானமாக எடைபோட வேண்டிய நேரம் இது.

எடைபோட முதலில் அளவுகோல் வேண்டும். லூபஸில் உடலைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, தன் உடலையே தாக்கும் நோயெதிர்ப்பு மண்டலம். மற்றது, அதை அடக்க ஆண்டுக்கணக்கில் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு. இந்நோய் பெரும்பாலும் பிள்ளைப்பேறு வயதிலுள்ள பெண்களைத் தாக்குகிறது. இருபது வயதில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கும் பெண்ணுக்கு முப்பதிலேயே இடுப்பு மூட்டு எலும்பு செத்துப்போகலாம். சர்க்கரை, கண்புரை, தொற்று என்று தொல்லைகள் தொடரலாம். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பின் 2023 பரிந்துரை, தினசரி அளவை 5 மில்லிகிராமுக்குள் கொண்டுவரச் சொல்கிறது. முடிந்தால் நிறுத்திவிடவும் சொல்கிறது. ஆகவே ஒரு புது மருந்திடம் நான் கேட்பவை இரண்டே கேள்விகள்: சிறுநீரகம் போன்ற உறுப்புகளைக் காக்கிறதா? ஸ்டீராய்டைக் குறைக்க வைக்கிறதா?

பழைய மருந்திலிருந்து தொடங்குவதே நியாயம். 1991இல் கனடாவில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுத்து நோய் அடங்கியிருந்த 47 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் மருந்தைத் தொடர்ந்தார்கள், மறுபிரிவினருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லா மாத்திரை தரப்பட்டது. ஆறே மாதத்தில் மருந்தில்லாப் பிரிவில் நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு 2.5 மடங்கானது. விலை குறைந்த மாத்திரை இது. எடை கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டாமல், விழித்திரையை உரிய காலத்தில் சோதித்து வந்தால் பல ஆண்டுகள் தொடரலாம். 2020இல் கொரோனாவுக்கு இது மருந்தென்று வதந்தி பரவி, லூபஸ் நோயாளிகள் கடைகடையாக அலைந்ததை மறக்க முடியாது.

இப்போது பெலிமுமாப். நோயெதிர்ப்பு மண்டலத்தின் பி அணுக்களை உயிரோடு வைத்திருக்கும் ஒரு புரதத்தை இது தடுக்கிறது. 449 பேரைக் கொண்ட இரண்டாம் கட்ட ஆய்வில் இது இலக்கை எட்டவில்லை. அந்தத் தோல்வியின் தரவை ஆராய்ந்துதான் எஸ்ஆர்ஐ என்ற புதிய மதிப்பீட்டு முறை உருவாக்கப்பட்டது. அடுத்த ஆய்வுகள் அதை வைத்தே நடந்தன. முதல் பெரிய ஆய்வில் 52 வாரத்தில் பலன் கண்டவர்கள் 58 சதவீதம், வெற்று ஊசி பெற்றவர்களில் 44 சதவீதம். இரண்டாவதில் 43க்கு 34. அதே ஆய்வு 76ஆவது வாரத்தை எட்டியபோது, உறுதியாகச் சொல்லக்கூடிய வேறுபாடு எஞ்சவில்லை. இரு பிரிவினரும் வழக்கமான மருந்துகளையும் எடுத்துக்கொண்டார்கள் என்பதால் வேறுபாடு சுருங்கித் தெரிவது உண்மைதான். ஆனால் என் இரண்டாம் கேள்விக்கு முதல் ஆய்வு தரும் விடை சோர்வூட்டுகிறது: ஸ்டீராய்டைக் கணிசமாகக் குறைக்க முடிந்தவர்கள் மருந்துப் பிரிவில் ஏறத்தாழ 19 சதவீதம், மறுபிரிவில் 12.

இதோடு நின்றிருந்தால் பெலிமுமாபுக்குக் குறைந்த மதிப்பெண்தான் தந்திருப்பேன். 2020இல் வெளியான சிறுநீரக ஆய்வு அதன் நிலையை உயர்த்தியது. 448 பேரில், இரண்டு ஆண்டு முடிவில் சிறுநீரகப் பலன் கண்டவர்கள் 43 சதவீதம், எதிர்ப்பிரிவில் 32. சிறுநீரகப் பாதிப்பு அல்லது மரணம் நேரும் அபாயம் ஏறக்குறையப் பாதியானது. முதல் கேள்விக்கு இது தெளிவான விடை.

அனிஃப்ரோலுமாபின் கதையில் அளவுகோலின் கோளாறு வெளிச்சத்துக்கு வருகிறது. எஸ்ஆர்ஐ முறை ஸ்லெடாய் என்ற மதிப்பெண் பட்டியலைச் சார்ந்தது. அதில் மூட்டு அழற்சிக்கு 4 மதிப்பெண், தோல் தடிப்புக்கு 2, வலிப்புக்கு 8. இரண்டு மூட்டு வீங்கினாலும் 4, பத்து வீங்கினாலும் 4. பத்து மூட்டு வீக்கத்தால் தலைசீவ முடியாமல் இருந்தவருக்கு எட்டு மூட்டு சரியாகிவிட்டாலும் பட்டியலில் மதிப்பெண் குறையாது. நோயாளிகள் அதிகம் புலம்பும் அசதிக்கோ பட்டியலில் இடமே இல்லை. 2019இல் வெளியான முதல் டியூலிப் ஆய்வில் இந்த முறைப்படி அனிஃப்ரோலுமாப் தோற்றது: மருந்துப் பிரிவில் 36 சதவீதம், வெற்றுப் பிரிவில் 40. இரண்டாம் ஆய்வில், முடிவுகளைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே அளவுகோலை மாற்றினார்கள். பகுதிப் பலனையும் கணக்கில் கொள்ளும் பைக்லா முறையில் 48க்கு 32 என்று மருந்து வென்றது.

தோற்ற பிறகு அளவுகோலை மாற்றுவது ஐயத்தைக் கிளப்பும், கிளப்பவும் வேண்டும். ஆனாலும் இந்த மருந்தை நான் ஏற்கக் காரணம் பைக்லா அல்ல, ஸ்டீராய்டுக் கணக்கு. தினம் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தவர்களில், 7.5க்குள் இறக்கி அங்கேயே நிறுத்த முடிந்தவர்கள் 52 சதவீதம், எதிர்ப்பிரிவில் 30. எந்த மதிப்பெண் பட்டியலையும் விட நோயாளியின் உடலுக்கு நெருக்கமான கணக்கு இது. விலையாக அக்கி வரும் வாய்ப்பு கூடுகிறது: 7 சதவீதத்துக்கு மேல், எதிர்ப்பிரிவில் 1. தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

வோக்ளோஸ்போரின் ஆய்வு இன்னொரு வகையில் முன்மாதிரி. இரு பிரிவிலும் ஸ்டீராய்டை 16 வாரத்துக்குள் 2.5 மில்லிகிராமுக்கு இறக்கிவிட்டே பார்த்தார்கள். முழு சிறுநீரகப் பலன் 41 சதவீதம், எதிர்ப்பிரிவில் 23. அதிக ஸ்டீராய்டு இல்லாமல் சிறுநீரக லூபஸைக் கட்டுப்படுத்த முடியாது என்ற பழைய நம்பிக்கையை இது அசைத்துவிட்டது.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலிருந்து வந்த கார்-டி செய்தி எல்லோரையும் ஈர்க்கிறது. 2024இல் வெளியான அறிக்கையில், நோயாளியின் சொந்த டி அணுக்களை மாற்றியமைத்துச் செலுத்தியதில் லூபஸ் நோயாளிகள் 8 பேருமே மருந்தில்லாமல் நோயடங்கி இருந்தார்கள். பெரும் நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் ஒப்பிடுவதற்கு மறுபிரிவு இல்லை, ஆட்கள் குறைவு, கண்காணித்த காலமும் குறைவு. இப்போதே தீர்ப்பு எழுதினால் அது நோயாளிகளுக்குச் செய்யும் அநீதி.

விலையையும் தராசில் வைத்தாக வேண்டும். பெலிமுமாப் அறிமுகமானபோது அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 35,000 டாலர். அதற்கு வலுவான வெற்றியைத் தந்த முதல் ஆய்வு இந்தியா, பிலிப்பைன்ஸ், பெரு, ருமேனியா போன்ற நாடுகளில் நடந்தது. மருந்து பலிக்கிறது என்று தம் உடலால் நிறுவிக் கொடுத்த மக்களின் நாடுகளில் பெரும்பாலோருக்கு அது எட்டாத விலையில் நிற்பது, மருந்தின் தரத்தைப் பேசும்போது ஒதுக்கிவைக்கக்கூடிய விஷயம் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினே அடித்தளம், தடையில்லாத ஒவ்வொருவருக்கும் அது முழு அளவில், விடாமல் போய்ச்சேர வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்குப் பெலிமுமாபையோ வோக்ளோஸ்போரினையோ தாமதிக்காமல் சேர்ப்பதற்குப் போதிய ஆதாரம் உண்டு. தோலும் மூட்டும் அடங்காமல், ஸ்டீராய்டை 5க்குக் கீழே இறக்க முடியாமல் தவிப்பவருக்கு அனிஃப்ரோலுமாப் தகுந்தது. இவற்றில் எதுவும் புரட்சி இல்லை. பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ கூடுதலாகக் கிடைக்கும் உண்மையான பலன். அடுத்து வரும் ஆய்வுகள் ஸ்டீராய்டு குறைப்பைத் துணைக்கணக்காக வைக்காமல் முதன்மை இலக்காகவே வைக்க வேண்டும். மருந்துக்கு ஒப்புதல் தரும் அமைப்புகள் அதைக் கட்டாயமாக்கினால், ஒரு மருந்து எதற்காக வென்றது, எதற்காகத் தோற்றது என்று நோயாளிக்கே புரியும்.