பற்றை விட்டவனும் பறிகொடுத்தவர்களும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மேலேறும் பாதை ரிவர்ஸ்டனை அடையும்போது காற்றுத்தான் முதலில் நம்மை எதிர்கொள்கிறது; பிறகு மூடுபனி. எதிரே நின்ற மலை இமைப்பொழுதில் மறைகிறது, மீண்டும் தோன்றுகிறது. நிலையாமைக்கு இங்கே பிரசங்கியார் தேவையில்லை. முந்திய இரவு இரத்தோட்டையில் ஓர் ஆசிரிய நண்பரின் இல்லத்தில், அவருடைய அத்தையும் உடனிருக்க, 'விராகய' என்னும் சிங்களத் திரைப்படத்தை இரண்டாம் முறையாகப் பார்த்திருந்தேன். அது கிளப்பிய விவாதம் இந்த மலையிலும் ஓயவில்லை.

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவல் 1956இல் வெளிவந்தது. திஸ்ஸ அபேசேகர அதனை 1987இல் படமாக்கினார். தென்னிலங்கைக் கிராமத்து வைத்தியர் ஒருவரின் மகன் அரவிந்த, சரோஜினியை நேசிக்கிறான். பெற்றோர் தடுக்கும்போது வீட்டைவிட்டு வரத் துணிபவள் அவள்; தயங்கி நிற்பவன் அவன். அவள் சிறிதாசவுக்கு வாழ்க்கைப்படுகிறாள். பிற்காலத்தில், தன் வீட்டிலே வளர்ந்த ஏழைப் பெண் பதீயின்மீது அவனுக்கு இன்னதென்று சொல்லவியலாத பற்று உண்டாகிறது. அவளோ குலசூரிய என்னும் வாகனச் சாரதியை விரும்புகிறாள். அவன் அவளையும் விட்டுக் கொடுக்கிறான்.

இதே தியாகம் நம் தமிழ்ப் படங்களில் எப்படி நிகழும் என்பது வாசகர்கள் அறிந்ததே. 1962இல் வெளிவந்த ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில், பழைய காதலியின் கணவனைக் காப்பாற்றும் மருத்துவன் தன் உயிரையே விடுகிறான். கொட்டகை முழுவதும் அழுகிறது, தியாகி சிலையாகிவிடுகிறான். அபேசேகர அரவிந்தவுக்கு அந்த மாலையைச் சூட்டவில்லை. சனத் குணதிலக்கவின் அடங்கிய முகத்தில் நாம் காண்பது ஞானமா, கோழைத்தனமா என்று படம் இறுதிவரை தீர்ப்புக் கூற மறுக்கிறது. அதன் பலம் அதுவே.

நண்பர் இதனை ஒப்பவில்லை. விராகம் என்றாலே பற்றற்ற நிலை. உடைமை வெறி பிடித்த சமுதாயத்தில் எதையும் பிடித்து வைக்காத ஒருவனே புரட்சிக்காரன் என்றார். கேட்க அழகான வாதந்தான். ஆனால் இந்தப் பற்றறுப்பின் செலவை ஏற்பவர் யார்? சரோஜினி தன் மானத்தையே பணயம் வைத்தாள். அவன் எதை வைத்தான்? குலசூரியவைப் பாருங்கள். அவனுக்குப் பரம்பரை வீடோ பெயரோ கிடையாது. வேண்டியதை வேண்டும் என்று சொல்லாவிட்டால் அவனுக்கு வாழ்வே இல்லை. வாசலில் வந்து நிற்கும் அன்பைத் தத்துவம் பேசித் திருப்பியனுப்பும் வசதி, சோற்றுக்குக் கவலையற்ற நடுத்தர வர்க்கத்துக்கே வாய்க்கிறது. படம் இதை அறிந்தே இருக்கிறது என்பது என் எண்ணம். எனினும் அந்த இரு பெண்களையும் அரவிந்தவின் கண்வழியாகவே காண்பதால், அவர்கள் இழந்தது நமக்கு அரைகுறையாகத்தான் எட்டுகிறது.

மலையிலிருந்து இறங்கினால் தேயிலைத் தோட்டங்களும் லயன் காம்பராக்களும். நண்பரின் குடும்பமும் அங்கிருந்து வந்ததுதான். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. எவருடைய பற்றையும் அது கேட்டு எழுதவில்லை. அண்ணனுக்கு ஒரு கடவுச்சீட்டு, தம்பிக்கு வேறொன்று. நிச்சயித்த பெண் இங்கே, மாப்பிள்ளை தலைமன்னாரில் கப்பலேறி அங்கே. அந்தக் கப்பலும் 1984இல் நின்றுபோயிற்று. இவர்களுக்கு வாய்த்த நிலையாமை போதிமரத்தடியில் கண்டெடுத்ததன்று. அலுவலக முத்திரையோடு வந்தது. 'விராகய' இந்த மக்களின் கதையன்று; அதற்காக அதனைக் குற்றஞ்சாட்டுவதும் நியாயமாகாது. ஆனால் இழப்பைப் பக்குவம் என்று வாழ்த்துமுன், அது கைவிட்டதா, கையிலிருந்து பிடுங்கப்பட்டதா என்று கேட்பது விமர்சகனின் கடமை.

இதனை நான் சொன்னபோது நண்பர் வெகுநேரம் பதில் பேசவில்லை. பிறகுதான் அத்தையைப் பற்றிச் சொன்னார். அவருக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையும் அப்படிக் கப்பலேறியவர்தானாம். அத்தை பிறகு மணமுடிக்கவில்லை.

எனக்கு முந்திய இரவு நினைவுக்கு வந்தது. சரோஜினியின் கலியாணம் முடிந்த கட்டத்தில் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். தேயிலைச் சாயம் ஊற்றிக்கொண்டு வந்தவர், திரையைப் பாராமலே சொன்னார்: "அந்தப் புள்ள வாய்தொறந்து கேட்டுச்சே. இவனை யாரு கப்பல்ல ஏத்துனா?"