லிட்டர் எடை

தேவாரம் ஊருக்கு மேலே மலையில் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூர் ஏல மையத்துக்கு வரும்போது, நிறத்தோடும் பருமனோடும் அதன் லிட்டர் எடையும் பார்க்கப்படுகிறது. ஒரு லிட்டர் பாத்திரத்தைக் காயால் நிரப்பி, தலைதட்டி, தராசில் வைத்தால் வரும் கிராம்தான் அது. அக்மார்க் தரத்தில் 7 மி.மீ. காய்க்கு 435 கிராமும், 6 மி.மீ. காய்க்கு 415 கிராமும் வேண்டும். அதே பாத்திரத்தில் தண்ணீர் 1,000 கிராம். இது தற்செயல் அல்ல; 1799இல் பிரான்சில் கிலோகிராமை நிர்ணயித்தபோது, 4 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரின் எடையையே அடிப்படையாகக் கொண்டார்கள். 30 டிகிரி வெயிலில் நீர் விரிந்து லிட்டருக்குச் சுமார் 4 கிராம் குறையும். இரு தரங்களுக்கிடையே 20 கிராம் இருக்கையில் அது பொருட்டல்ல.

பருமனைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது, பெருத்த தோலுக்குள் ஏலரிசி (விதை) குறைவாக இருந்தாலும் சல்லடை அதைக் கண்டுபிடிக்காது, தராசு கண்டுபிடிக்கும். காய்களுக்கிடையே காற்றும் அடைபடுகிறதே, இது எப்படி உண்மையான அடர்த்தியாகும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் வியாபாரிக்கு வேண்டியது ஒப்பீடு. ஒரே பருமனுள்ள காய்களை ஒரே விதமாகக் கொட்டினால் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஈரம் எடையைக் கூட்டிக்காட்டும் என்பதுதான் வலுவான ஆட்சேபம். அதனால்தான் காய் எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதைத் தனியே பார்க்கிறார்கள். நிறைக்கும் கனஅளவுக்கும் உள்ள உறவை, காயை உடைக்காமலே உள்ளிருப்பதைச் சொல்லவைக்கும் சோதனையாக்கியது இந்த எளிய பாத்திரத்தின் பெருமை.