ஹோர்மோனா, அரைப் பேரா?

மாதச் சுழற்சி பெண்ணின் வாக்கையும் இறைப்பற்றையும்கூட மாற்றுகிறது என்று அமெரிக்காவில் கிறிஸ்டினா டுரான்ட்டே குழுவினர் 2013இல் எழுதினார்கள். மறு ஆண்டே கிறிஸ்டின் ஹரிஸும் லோரா மிக்கஸும் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அப்படியொரு விளைவு கிடைக்கவில்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நாம் சொல்லவில்லை. கருப்பை சுருங்குவதால் வரும் வலி மெய்யானது. ஹைளு காலத்துத் தொழுகைக்குக் கழா இல்லை, நோன்புக்கு மட்டுமே என்பதிலுள்ள இலகு நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஆனால் வலி வேறு, புத்தி வேறு.

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் பாருங்கள். வயிற்றுவலியோடு ஒருத்தி கொழுந்துக்கூடையைத் தூக்குவது ஹோர்மோனின் முடிவா? "போகலைன்னா பேர் விழாது" என்பதுதான் கணக்கு. போயும் நிறை குறைந்தால் அரைப் பேர். பல மலைகளில் ஒதுங்க ஒரு கழிப்பறை கிடையாது. இறக்குமதியான நாப்கினுக்கோ 2018 வரை நூறு வீதத்துக்கும் மேல் வரி.

வாக்கு விஷயமும் அப்படித்தான். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, இவர்களின் பாட்டிமார் வாக்கையே இழந்தார்கள். அது எந்தச் சுழற்சியின் வேலை?

பெண்ணின் தெரிவை ஆராய வருகிறவர்கள், அவளுக்குத் தெரிவென்று ஒன்று இருக்கிறதா என்பதை முதலில் விசாரிக்கட்டும்.