சிவப்பு மையும் தோட்டத்துச் சிறுவரின் எழுத்தும்

மலையக இலக்கியம் பற்றி எழுதுவோர் ‘லயம்’, ‘பெரட்டு’, ‘பேர்’ முதலிய சொற்களை மண்வாசனை எனப் போற்றத் தவறுவதில்லை. தெளிவத்தை ஜோசப்பின் கதைகளிலே தோட்டத்துப் பேச்சு கலையாகின்றது. அப்பேச்சையே நான்காந்தரச் சிறுவன் ஒருவன் தன் அப்பியாசக் கொப்பியில் எழுதிவிட்டாலோ பிழையாகின்றது. இம்முரண்பாடு ஆராயத்தக்கது.

சப்பிரகமுவத் தோட்டங்களில் இது மேலும் கூர்மையடைகின்றது. நுவரெலியாவிற் காணும் அடர்ந்த தமிழ்ச்சூழல் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இல்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, இரக்குவானைப் பகுதிகளின் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடக்கின்றன. சிறுவன் லயத்தில் ஒரு தமிழையும் கடைத்தெருவிற் சிங்களத்தையும் பேசுகின்றான். பாடநூலில் மூன்றாவதொரு மொழியைச் சந்திக்கின்றான். அதுவே அவனுடைய தாய்மொழி என்று அவனுக்குச் சொல்லப்படுகின்றது.

“விடிய மழ பெஞ்சா அப்பாவுக்குப் பேர் இல்ல” என்று இறப்பர்த் தோட்டத்துச் சிறுவன் எழுதுவதாகக் கொள்வோம். வைகறையில் மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால்வெட்டு நடைபெறாது. மாற்று வேலையும் கிடையாவிடின் செக்றோலில் அன்றைய பேர் விழாது. பேர் விழாவிடிற் கூலியில்லை. இக்காரணகாரியத் தொடர் முழுவதையும் ஆறே சொற்களில் அடக்கிவிட்டான். ஆசிரியரோ ‘பேர்’ என்பதைப் ‘பெயர்’ எனத் திருத்துகின்றார். சொல் செம்மையாயிற்று, தந்தை பெயரற்றவராகிவிட்டார்!

இத்தகைய திருத்தத்தை இருமுறை பெற்றவன் மூன்றாம் முறை தன் வாக்கியத்தை எழுதத் துணியான். கரும்பலகையிலுள்ள ‘பசு’வையே பார்த்தெழுதுவான். கொப்பியிற் பிழையிராது, அவனும் இரான். ஆண்பிள்ளைகளை ஈண்டுத் தனித்துச் சுட்டுவதற்குக் காரணமுண்டு. எழுத்திலிருந்து விலகியவன் பாடசாலையிலிருந்து விலக அதிக காலம் எடுப்பதில்லை. கொழும்பு நகரத்துக் கடைகள் அத்தகைய சிறுவரைக் கொண்டே நெடுங்காலம் நடந்து வந்துள்ளன.

தோட்டக் கல்வியின் வரலாறும் இதற்குத் துணைபோயிற்று. 1907ஆம் ஆண்டின் சட்டம் ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமாரிடமே விட்டது. பத்து வயதுக்குப்பின் மலையேறவேண்டியவனுக்குக் கையொப்பமிடத் தெரிந்தாற் போதாதா? 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களை அடுத்துத் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1970களின் பிற்பகுதியிலிருந்து பாடசாலைகளையும் அரசு பொறுப்பேற்றது. கட்டடங்களையும் ஆசிரியர்களையும் பற்றிய கோரிக்கைகள் எழுந்தன, அவை நியாயமானவையே. சிறுவனின் வாக்கியத்தைப் பொறுப்பேற்கக் கோரியவர் மிகச் சிலரே.

இவ்விடத்தில் டால்ஸ்டாயின் அனுபவம் பயன்தரும். யாஸ்னயா பொல்யானாவில் குடியானவப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்திய அவர், யாரிடமிருந்து யார் எழுதக் கற்பது என்னும் வினாவையே தலைப்பாக்கி 1862இல் ஒரு கட்டுரை எழுதினார். பழமொழியொன்றைக் கதையாக்குமாறு கேட்டபோது பிள்ளைகள் தயங்கினர். அவரே எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு குறைகூறினர். ஈற்றில் ஃபெத்கா, செம்கா என்னும் இரு சிறுவர் கதையைச் சொல்ல, அம்மாபெரும் நாவலாசிரியர் எழுத்தராக அமர்ந்து எழுதினார். ஓர் ஆண்பாத்திரம் அவசரத்திற் பெண்ணின் மேலங்கியை அணிந்துகொண்டு ஓடுவதாக ஃபெத்கா சேர்த்த நுண்விவரம் அவரை வியக்கவைத்தது.

பேச்சுமொழியோடு நின்றுவிடுவது சிறுவனை லயத்திலேயே பூட்டிவைப்பதாகும் என்பர் சிலர். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை லயத்துத் தமிழை ஏற்காது என்றும் கூறுவர். இரண்டும் உண்மை. எழுத்துத் தமிழை மறுப்பது இரக்கமன்று, வஞ்சனை. கேள்வி வரிசைமுறை பற்றியதே. முதல்நாள் அவன் சொல்வதை ஆசிரியர் சொன்னபடியே கரும்பலகையில் எழுதலாம். இரண்டு வகுப்புகளை ஒருவரே நடத்துமிடத்து மூத்த மாணவன் எழுதலாம். உரத்து வாசித்து, விளங்காதவிடத்தை மற்றச் சிறுவர் கேட்கலாம். மறுநாள் ‘மழ’ மழையாகவும், ‘பெஞ்சா’ பெய்தாலாகவும், ‘இல்ல’ இல்லையாகவும் மாறட்டும். ‘பேர்’ தொழிற்சொல், அதன்மேற் சிவப்பு மை வேண்டியதில்லை.