டாஷ்போர்டுக்குள் ஒரு வெள்ளைச் சொக்கட்

கல்முனைக் கராஜ் ஒன்றில் லேண்ட் குரூசரின் டாஷ்போர்டைக் கழற்றினால், எதனோடும் சேராத சொக்கட் ஓரிரண்டு வயர்க்கட்டோடு டேப் சுற்றிக் கிடக்கக் காணலாம். அது பழுதல்ல. நாட்டுக்கு நாடு வேறு வயர்க்கட்டுப் பின்னுவதைவிட, பல மாடல்களுக்கும் பொதுவாக ஒன்றைப் பின்னுவது தொழிற்சாலைக்கு இலகு. அதனால் குளிர்தேசத்துச் சூடேறும் சீட்டுக்கான வயர்கூட மருதமுனை வெயிலுக்கு வந்து சேரலாம்.

அப்படிக் கிடக்கும் சொக்கட்டின் பிறப்பைக் கண்டுபிடிக்கும் வேலை அழகானது. கைதேர்ந்த வயரிங் நானா முதலில் நிறத்தைப் பார்ப்பார். டொயோட்டா வயர்களில் வெள்ளையில் கறுப்புக் கோடு ஓடினால் பெரும்பாலும் எர்த். பிறகு மீட்டரின் ஒரு முனையை வண்டியின் இரும்பில் வைத்து, சாவியின் ஒவ்வொரு நிலையிலும் வோல்ட் பார்ப்பார். சாவியை எடுத்த பிறகும் 12 வோல்ட் நின்றால் நேரடி பெட்டரி லைன். பார்க் லைட் போட்டால் மட்டும் வந்தால், பட்டன்களுக்குள் எரியும் சிறு வெளிச்சத்துக்கானதாக இருக்கலாம். மஞ்சள் சொக்கட்டில் மீட்டர் முனையை வைக்கவே மாட்டார், அது எயார்பேக்.

பாணமைப் பக்கம் காட்டுக்குப் போகிறவர்கள் ஃபொக் லைட் பூட்ட நல்ல வயரை வெட்டி முறுக்குவது எனக்குப் பொறுக்காது. இந்தக் கரையோர உப்புக்காற்றில் முறுக்கிய செம்பு பச்சை பூத்துவிடும். அதற்கென்றே வந்த சொக்கட்டுக்குச் சோடியைத் தேடிப் பூட்டினால் ஒரு வயரும் வெட்டுப்படாது. பியூஸ் பெட்டியையும் திறந்து பாருங்கள்: வயர் வந்திருந்தாலும் ரிலே வராமல் இருக்கலாம்.