செல்லம் நின்ற அடுப்படி

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது என்னிடம் ஒரு நூலகப் புத்தகம் மாட்டிக்கொண்டது. ஈப்போ துன் ரசாக் நூலகத்தில் எடுத்த பிரீத்தா சமரசனின் 'ஈவ்னிங் இஸ் த ஹோல் டே'. திருப்பித் தர வழியில்லை. முதல் இரண்டு வாரம் அதைத் தொடவும் இல்லை. எல்லாரையும் போல நானும் கேக் சுட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் ஃபேஸ்புக்கைத் திறந்தால் கருகிய சீஸ்கேக்குகள்தான். பக்கத்தில் ஒரு காப்பி, விரித்துக் கவிழ்த்த ஒரு நாவல். புத்தகமும் ஓவனும் இல்லையென்றால் பைத்தியம் பிடித்திருக்கும் என்று நண்பர்கள் எழுதினார்கள். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. வெண்ணெயும் சீனியும் வெளுக்கும்வரை அடிக்கும்போது கை வலிக்கும், மனம் கொஞ்சம் அடங்கும். ஆனால் அந்த ஆறுதல் யாருடைய அடுப்படியிலிருந்து வந்தது என்ற கேள்வியை இந்த நாவல்தான் எனக்குள் போட்டது.

2008இல் வந்த நாவல் இது. ஈப்போவில் ஒரு வசதியான தமிழ்க் குடும்பம், அப்பா வழக்கறிஞர். 1980இல் வேலைக்காரப் பெண் செல்லத்தை வீட்டைவிட்டு அனுப்பும் நாளில் தொடங்கி, ஏன் அனுப்பினார்கள் என்பதைப் பின்னோக்கிப் போய்ச் சொல்கிறது. ஆறு வயது ஆஷாவுக்குப் பேய்கள்தான் துணை. தலைப்பு நம்முடையது, குறுந்தொகை 234, மிளைப்பெருங்கந்தன் பாடல். துணையில்லாதவருக்கு மாலை என்று தனிப்பொழுது இல்லை, விடியலும் பகலும்கூட மாலைதான் என்பது அதன் சாரம். வீட்டுக்குள் அடைந்துகிடந்த நாட்களில் இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது என்று நினைத்தேன்.

படிக்கப் படிக்க அந்தத் தனிமை யாருடையது என்பது குழம்பியது. நாவல் அதை ஆஷாவுக்குத் தாராளமாகத் தருகிறது. ஆனால் அந்த வீட்டில் உண்மையிலேயே துணையற்றவள் செல்லம். அவள் பெயரோடு 'வேலைக்காரி' என்பதையும் ஒட்டித்தான் கூப்பிடுகிறார்கள். சம்பளம் குடிகார அப்பனிடம் போகிறது.

என் அம்மாவும் ஒரு காலத்தில் செல்லம்தான். சுங்கை சிப்புட் பக்கம் அவர் பால் வெட்டிய தோட்டத்தை விற்றுச் செம்பனை நட்ட பிறகு, ஈப்போவில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனார். நான் சுட்ட மார்பிள் கேக் அந்த வீட்டுக் கேக். அளவெல்லாம் பால் டின்னில்தான். "அந்தம்மா எங்க சொல்லிக் குடுத்துச்சு? மங்கு கழுவிக்கிட்டே பாத்து வச்சிக்கிட்டேன்" என்பார். அச்சின் அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்பதுதான் அங்கே அவர் பங்கு. இன்றைக்கும் முதலில் அதைத்தான் சுரண்டுகிறார். பிடிக்குமாம்.

அகிலனின் 'பால்மரக்காட்டினிலே' தொடங்கி நான் வாசித்த தோட்ட நாவல்கள் பெரும்பாலும் பால்மரத்தையும் லயத்தையும் விட்டு நகர்வதில்லை. அங்கிருந்து பட்டணத்து அடுப்படிகளுக்குப் போன பெண்கள் கதையைவிட்டும் போய்விட்டார்கள். அவர்களில் ஒருத்தியை நான் ஓர் ஆங்கில நாவலில் சந்திக்க வேண்டியிருந்தது. இது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அதற்காக நாவலுக்கு முழு மதிப்பெண் போட முடியவில்லை. சமரசனின் மொழி தன் செழிப்பில் தானே மயங்குகிறது. ஒரு வாக்கியம் முடிய வேண்டிய இடத்தைத் தாண்டியும் சொல்விளையாட்டு ஓடுகிறது. அந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடைமொழி இருக்கிறது, செல்லத்தின் மனதுக்குள் இருப்பதற்கோ அவ்வளவு இடமில்லை. பெரும்பாலும் அவர்கள் கண்வழியேதான் அவளைப் பார்க்கிறோம். அவர்கள் பார்க்க மறுத்ததை அப்படியே காட்டுவதுதான் நாவலின் நேர்மை என்று வாதிடலாம். நான் அதைப் பாதிதான் ஏற்பேன். முடிவில் எனக்கு ஆஷாவின் பேய்கள் ஒவ்வொன்றும் நினைவிருந்தன. செல்லத்துக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் பதில் இல்லை.

இருந்தும், ஆறுதலுக்காகப் பரிந்துரைக்கப்பட்ட இனிப்பான நாவல்களில் எதுவும் தராத ஒன்றை இது தந்தது. அம்மாவின் வேலைக்கார நாட்களைப் பற்றி அவரிடம் நான் முதன்முறையாக வாய்திறந்தது இதை வைத்துத்தான். மாலையில் ஓவன் சூடாகும்வரை ஒவ்வோர் அத்தியாயமாகத் தமிழில் சொல்வேன். அம்மா முட்டை உடைத்துக்கொண்டே கேட்பார். ஆஷாவின் பேய்கள் வரும் இடங்களில் "சரி சரி, அந்தப் புள்ளைக்கு என்னாச்சு?" என்று தள்ளிவிடுவார்.

செல்லம் கிளம்பும் பகுதியைச் சொன்ன அன்று கையை நிறுத்தினார்.

"சம்பளத்த அவ கையில குடுத்தாங்களா?"

"அப்பன் வாங்கிக் குடிச்சிருவான்மா."

"கடைசி மாசத்துச் சம்பளத்தையுமா?"

எனக்கு நினைவில்லை. புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து தேட ஆரம்பித்தேன். அம்மா மாவை அச்சில் ஊற்றிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.